வேலை கேட்டு வருபவனின் சட்டை



அஸர் தொழுகைக்குப் பின் நமது கடைத்தெருக்களில் தேநீர்க் கோப்பையுடன் நாலு பேர் உட்கார்ந்தால் தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "வீட்டு வாடகைக்கு வழியில்லை என்கிறான், கையில் பார்த்தால் ஆயிரம் வெள்ளி போன்." "அரிசி கடன் கேட்கிறாள். மகன் காலில் பாருங்கள், புதுச் சப்பாத்து." ஏழைக்குப் புத்தியில்லை, அதனால்தான் அவன் ஏழையாக இருக்கிறான் என்று அந்தப் பேச்சு போய் முடியும். கேட்பவர்களும் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பையைக் கீழே வைப்பார்கள்.

இந்தப் பேச்சையே இம்முறை நாம் பாடமாக எடுத்துக்கொள்வோம். நாம் கணக்கு எழுதிப் பிழைக்கும் கூட்டத்தார். ஒருவன் ஒரு சரக்கைக் காசு கொடுத்து வாங்கினால், அதனால் அவனுக்கு வரவு என்ன என்று கேட்பது நமக்குப் பழக்கம். ஏழை வாங்கும் சட்டைக்கும் சப்பாத்துக்கும் மட்டும் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் விடை வேறு விதமாக வருகிறது. அந்தச் சட்டை அவன் ஆசைக்கு வாங்கியதன்று. வேலைக்கு ஆள் எடுக்கும் வாசலில் கட்டவேண்டிய வரி. வரியை விதித்தவர் யார் என்று தேடிக்கொண்டு போனால், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

முதலில் பழைய கதையிலிருந்து தொடங்குவோம். இந்நாட்டுத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டிய கங்காணிமார், ஊர் திரும்பும்போது எப்படிப் போனார்கள் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோட்டு, தலைப்பாகை, கைக்கடிகாரம், விரலில் மோதிரம். "மலாயாவில் சம்பளம் இவ்வளவு" என்று அவர் வாயால் சொன்னதைவிட அந்தக் கோட்டு உரக்கச் சொன்னது. அதை நம்பிக் கப்பலேறியவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1938ஆம் ஆண்டில் அந்தக் கங்காணி முறை ஒழிக்கப்பட்டது. ஆகவே, தோற்றத்தைக் கண்டு மயங்குவது ஏழைக்கே உரிய குணம் என்று சொல்வதற்கில்லை. தோற்றத்தை வைத்து அவனைப் பிடிக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் ஆள் எடுக்க வந்தவர்கள்தாம்.

சரி, கப்பலேறியவன் எந்த ஊரை விட்டு வந்தான்? நம்மில் அநேகருடைய பாட்டன்மார் பிறந்த அதே இராமநாதபுரம் ஜில்லாவில், 1930 டிசம்பரில் நடந்த ஒன்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அங்குள்ள ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை அணியலாகாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்க உடுத்தலாகாது. சட்டை, பனியன் போடலாகாது. தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ளலாகாது. வீட்டில் மண்பாத்திரம் அன்றி வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளலாகாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கலாகாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை பிடிக்கவும் செருப்புப் போடவும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் என்பவர் சாதியைப் பற்றிய தமது நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதில் நமது பாடத்துக்கு வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. ஆறு மாதம் கழித்து 1931 ஜூனில் அந்தத் தடைகள் பதினொன்றாயின. முதலில் வேட்டியும் நகையும். அதற்கடுத்து, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க மட்டுமே போகவேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை கூலிக்கு உழைக்க வேண்டும். கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. பார்த்தீர்களா! சட்டையில் தொடங்கிய பட்டியல் கூலியில் வந்து நிற்கிறது. இவன் இந்த உடுப்புக்குரியவன் என்று முதலில் ஒரு முத்திரை. பின்னர், இந்த உடுப்புக்காரனுக்கு இந்தக் கூலி போதும் என்று ஒரு தீர்ப்பு.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த ஒருவன், பினாங்குத் துறையில் இறங்கிப் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் முதலில் என்ன வாங்குவான் என்று நினைக்கிறீர்கள்? சட்டைதான் வாங்குவான், குடைதான் வாங்குவான். அதை வீண் செலவு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இங்கு வந்த பிறகாவது அது தீர்ந்ததா என்றால், இல்லை. 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் முதலானோர் தலைமை தாங்கிய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளைப் படித்தால், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் என்று வரிசையாக வரும். அந்த வரிசையிலேயே சைக்கிளும் இருக்கிறது. துரையும் கிராணிமாரும் எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். தன் கூலியில் தான் வாங்கிய சைக்கிள். அவன் ஏறிப் போவதால் தோட்டத்துக்கு ஒரு சதம் நட்டமில்லை. ஆயினும் இறங்கத்தான் வேண்டும். சைக்கிள் மேல் இருக்கிறவன் கிராணியின் உயரத்துக்கு வந்துவிடுகிறான் அல்லவா! அந்த உயரத்துடன் அவன் கூலி கேட்டால் கொடுக்கவேண்டி வருமே! மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, தொழிலாளர் உயிர்களும் போயின.

நமது பீடோங்குக்கு வருவோம். இங்குள்ள ஹார்வர்டு தோட்டத்தில் 1946இல் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படையைத் தொடங்கிக் கள்ளை எதிர்த்து இளைஞர்களை அணிவகுக்கச் செய்தார். குடித்து விழுந்து கிடந்தவன் வரிசையில் நிமிர்ந்து நடந்ததே அன்றைய அதிகாரிகளுக்குப் பெரிய கலக்கமாக இருந்தது. 1947இல் அந்த இயக்கத்தைப் போலீசைக் கொண்டு அடக்கினார்கள். அது தனியே எழுதவேண்டிய சரித்திரம். இங்கு இவ்வளவு போதும்.

இனி நம்மவர் கதையைச் சொல்லாமல் விட்டால் பாடம் நேர்மையாகாது. நமது முன்னோரும் ஏழைகளாகத்தான் வந்தார்கள். மாற்றுக் கைலி ஒன்று, ஒரு துணி மூட்டை, அவ்வளவே. ஆனால் அவர்கள் வேலை கேட்டு நின்ற இடம் வேறு. மாமன் கடை, மச்சான் கடை, அல்லது ஊர்க்காரர் கடை. "இன்னார் மகன், இன்ன தெரு" என்று சொன்னால் போதும். கிழிந்த கைலியை யாரும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் குளித்துவிட்டு வா என்று சொல்லி ஒரு புதுக் கைலியையும் கொடுத்தார்கள். சட்டை பிறகு வந்தது. வெள்ளைச் சட்டையும், சோங்கோக்கும், இடுப்பில் பை வைத்த அகலப் பெல்ட்டும் கல்லாவுக்கு வந்த பின் வந்தவை. அந்தப் பெல்ட்டைக் கண்டால் வாடிக்கைக்காரருக்கு ஒரு நம்பிக்கை என்பதை நாம் நன்றாக அறிந்திருந்தோம். தோற்றத்தின் விலை நமக்குத் தெரியாத ஒன்றன்று.

தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஊர்ப்பெயர் இல்லை. கடை வைத்த மாமன் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். லயத்து வீடுகள் காலியாயின. குடும்பங்கள் பீடோங்குக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் வந்து வாடகை வீடுகளில் ஒண்டிக்கொண்டன. வேலையோ சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலையில், குரூணில், 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க்கில், இல்லாவிட்டால் நம்மைப் போன்றோர் கடைகளில். அந்த வாசல்களில் அவனைத் தெரிந்தவர் யாருமில்லை. தெரியாத முதலாளி எதைப் பார்ப்பார்? முதலில் காலைப் பார்க்கிறார், பின் சட்டையை, அப்புறம்தான் முகத்தை. அவன் உடுத்தியிருப்பதே அவன் கொண்டுவந்த சிபாரிசுக் கடிதம். நமது முன்னோருக்கு ஊர்ப்பெயர் செய்த வேலையை அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை செய்யவேண்டியிருக்கிறது.

அந்தக் கடிதத்தின் செலவைச் சற்று எழுதிப் பார்ப்போம். நமது கடைத்தெரு விலையில் மலிவாகப் பார்த்தாலும் சட்டை 35 வெள்ளி, கறுப்புக் காற்சட்டை 45, சப்பாத்து 55. படம் பிடிக்க, சான்றிதழ்களை நகல் எடுக்க, போக்குவரத்துக்கு என்று இன்னொரு 25. ஆக 160 வெள்ளி. இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி; ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நம்மைப் போன்ற சிறு கடைகளுக்கு ஆகஸ்டு முதல். வாரம் ஆறு நாள் வேலையென்றால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக, வேலை கேட்கும் உடுப்புக்கே இரண்டரை நாள் கூலி. அந்தக் கூலி இன்னும் அவன் கையில் இல்லை. வேலை கிடைத்தாலும், சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தால் போதும் என்பதால், முதல் தேதி சேர்ந்தவன் முதல் காசைக் காண ஐந்து வாரம் ஆகலாம். அதற்குள் பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் கடன்தான். நம்மிடம் யாராவது, "முதலில் 160 வெள்ளி கட்டுங்கள், சரக்கு வருமா வராதா என்பதைப் பிறகு சொல்கிறோம்" என்றால் நாம் கட்டுவோமா?

போனைப் பற்றி அதிகம் ஏசுகிறார்கள். ஆகவே அதைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும். இன்று வேலை விளம்பரம் போனில் வருகிறது. மனுவைப் போனில் அனுப்பச் சொல்கிறார்கள். பெர்கேசோ நடத்தும் வேலை தேடும் பதிவும் இணையத்தில்தான். நேர்காணலுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதும் வாட்ஸ்அப்பில்தான் வரும். போன் இல்லாதவன் இந்த வாசலுக்கே வர முடியாது. அன்றியும், முன்கூட்டிக் காசு ஏற்றும் எண்ணுக்குக் கெடு உண்டு. கெடு முடிந்தும் காசு ஏற்றாவிட்டால் எண் செத்துவிடும். தொழிற்சாலைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்க்கிறார், பதில் இல்லை. "கூப்பிட்டால் எடுக்கக்கூட மாட்டேன் என்கிறான், சோம்பேறி" என்று பெயரை அடித்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுகிறார். அவன் சோம்பேறி அல்லன். அந்த வாரம் பத்து வெள்ளியை அரிசிக்கா எண்ணுக்கா என்று பார்த்து அரிசிக்குக் கொடுத்தவன். அரிசியை விட்டு எண்ணுக்குக் கொடுத்திருந்தால் நமது தேநீர் மேசையில் அவனுக்கு வேறு பெயர் கிடைத்திருக்கும்!

பெண்கள் நிலை இன்னும் சிக்கல். கணக்கெழுதவோ சாமான் எடுத்துக்கொடுக்கவோ வேலை கேட்டு வரும் அம்மாவின் காதில் கல் வைத்த தோடு இருந்தால், "தங்கம் போட்டிருக்கிறாள், இவளுக்கு வேலை எதற்கு?" என்கிறோம். காதில் ஈர்க்குச்சி இருந்தால், "வாடிக்கைக்காரர் முன் நிறுத்த முடியாது" என்கிறோம். அந்தத் தோடு அவளுக்கு நகை மட்டுமன்று, பாங்கு. பள்ளி திறக்கும் மாதம் அடகுக் கடைக்குப் போய் வருகிற பொருள். அடகில் இருக்கும் மாதம் வந்தால் ஒரு தீர்ப்பு, மீட்ட மாதம் வந்தால் இன்னொரு தீர்ப்பு, ஆள் ஒருத்திதான்.

துணியில் மறையாதவையும் சில உண்டு. ரப்பர்ப் பால் பட்ட கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. காய்ந்து கறுத்து அப்படியே நிற்கும். ஓட்டுப்பாலின் வாடையும் அப்படித்தான், மூட்டை தூக்கியவன் சட்டையில் ஏறிக்கொள்ளும். காலையில் வெட்டுக்காட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் கடைக்கு வேலை கேட்டு வருகிறவன் அந்தச் சட்டையுடன்தான் வருவான். அவன் சோம்பேறி அல்லன் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன இருக்கிறது? அந்தச் சாட்சியையே குற்றமாக எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்து முகவரி இன்னொரு கறை. சிவப்பு அடையாள அட்டை மற்றொன்று. பிறந்தது இங்கேதான் என்றாலும் அட்டையின் நிறத்தைக் கண்டவுடன் மனுவை மடித்துக் கையில் கொடுத்துவிடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவற்றைச் சட்டை வாங்கி மறைக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, மறைக்க முடிந்ததை நன்றாக மறைக்கப் பார்க்கிறான்.

இதற்கு நமது முதலாளிமார்கள் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. "வாடிக்கைக்காரர் பார்ப்பாரே பாய், அழுக்குச் சட்டைக்காரன் கையால் சாப்பாடு வாங்குவாரா?" என்கிறார்கள். வாங்க மாட்டார். சாப்பாட்டுக் கடைக்காரருக்கு 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் இருக்கின்றன. ஆளுக்குப் பயிற்சி வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும், தடுப்பூசி வேண்டும். சுத்தம் நமது மார்க்கமும் சொல்வதே. ஆனால் சுத்தம் வேறு, விலை வேறு. வெட்டிய நகம், குளித்த உடம்பு, துவைத்த துணி என்று கேளுங்கள், தவறில்லை. நாம் கேட்பது அதையா? துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டையைத் தள்ளிவிட்டு, அழுக்கேறிய புதுச் சட்டைக்கு வேலை கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. இதுவுமன்றி, கிடங்கில் மூட்டை அடுக்கப் போகிறவனுக்கும், இரவில் சாமான் இறக்குகிறவனுக்கும் சப்பாத்து எதற்கு? அங்கே அவனைப் பார்க்க எந்த வாடிக்கைக்காரர் வருகிறார்? எலிதான் பார்க்கும்.

பெருமானார் (ஸல்) அவர்களுடைய சபையில் நடந்த ஒரு சம்பவம் புகாரி ஷரீபில் வருகிறது. வசதியான ஒருவர் கடந்து போனார். இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நாயகமவர்கள் தோழர்களைக் கேட்டார்கள். இவர் பெண் கேட்டால் கொடுப்பார்கள், பரிந்து பேசினால் ஏற்பார்கள், சொன்னால் கேட்பார்கள் என்று பதில் வந்தது. பிறகு ஏழை முஸ்லிம் ஒருவர் போனார். இவர் கேட்டால் கொடுக்கமாட்டார்கள், பரிந்தால் ஏற்கமாட்டார்கள், பேசினால் செவி கொடுக்கமாட்டார்கள் என்றார்கள். முன்னவரைப் போன்றோர் பூமி நிறைய இருந்தாலும் அவர்களைவிட இந்த ஒருவர் மேல் என்று நாயகமவர்கள் சொன்னார்கள். இதை நாம் மிம்பரிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் தோழர்கள் சொன்ன பதிலையும் கவனிக்கவேண்டும். ஊர் வழக்கத்தை உள்ளபடி அவர்கள் சொன்னார்கள். ஆளின் தோற்றம் அவன் பேச்சுக்கு விலை வைக்கிறது என்பது அன்றும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மற்றொரு சம்பவம் அபூதாவூதில் உள்ளது. வேலை கொடுக்கிறவர்களுக்கு இதுவே பெரிய பாடம். அன்ஸாரி ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நாயகமவர்கள் விசாரித்தார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரிக்கும் ஒரு துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும். அவற்றைக் கொண்டுவரச் செய்து, ஏலம் போட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹம் வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றதுக்குக் கோடரி. அந்தக் கோடரிக்குத் தமது கையாலேயே காம்பு போட்டுக்கொடுத்து, போய் விறகு வெட்டி விற்றுவிட்டுப் பதினைந்து நாள் கழித்து வா என்றார்கள். அவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். கொஞ்சத்துக்குத் துணி வாங்கினார், கொஞ்சத்துக்கு உணவு வாங்கினார்.

வரிசையைப் பாருங்கள். வந்தவரிடம் இருந்த ஒரே துணியும் போயிற்று. முதலில் சோறு, அடுத்து கோடரி, உழைப்பு, கூலி, அதன் பிறகே துணி. நல்ல துணி உடுத்தி வா, கோடரி தருகிறேன் என்று அவரிடம் சொல்லப்படவில்லை. நமது கடைத்தெருவில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது.

இதைத் திருப்பி வைக்க நம்மால் இயன்றது என்ன என்று நமது வட்டாரத்துக் கடைக்காரர் சிலரோடு பேசிப் பார்த்தோம். கடைக்கு ஓர் உடுப்பு உண்டென்றால் அதை ஆள் சேர்ந்த நாளிலேயே கடையே கொடுத்துவிடுவது. அதைச் சம்பளத்தில் பிடிக்காமல் கடைச் செலவில் எழுதிக்கொள்வது. முதல் மாதத்தில் மட்டும் வாரம் ஒருமுறை கையில் காசு கொடுப்பது. ஆளைத் தெரியவில்லை என்றால் சட்டையைப் பார்ப்பதை விட்டு, மூன்று நாள் வேலை கொடுத்து, கூலியும் கொடுத்து, வேலையைப் பார்ப்பது. மூட்டை தூக்கத் தெரியுமா, சில்லறை எண்ணத் தெரியுமா, சொன்ன நேரத்துக்கு வருகிறானா என்பதெல்லாம் மூன்று நாளில் விளங்கிவிடும். போன் பதில் இல்லையென்றால் பெயரை அடிக்குமுன், பக்கத்து வீட்டு எண்ணோ பள்ளிக்கூட நண்பன் எண்ணோ ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்திருப்பது. இவற்றில் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. மூன்று நாள் கூலி 196 வெள்ளி; தவறான ஆளை எடுத்து ஒரு மாதம் வைத்திருப்பதைவிட இது மலிவு என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "மூன்று நாளும் வந்துவிட்டு நாலாம் நாள் ஓடிவிட்டால்?" என்று கேட்டார். நல்ல சட்டை போட்டவர்களும் ஓடியிருக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

துணிக்கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இன்னொன்றும் செய்யலாம். அளவு போகாமல் தங்கிவிட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டைகளைப் பெருநாள் கழிந்ததும் மலிவு விற்பனைக்குக் குவிக்கிறோம். அவற்றில் பத்து ஜோடியைச் சங்கத்தின் அலமாரியில் வைத்தால், நேர்காணலுக்குப் போகிறவர் எந்த மதத்தவராயினும் உடுத்திப் போய்விட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். வேலை கிடைத்தால் திருப்ப வேண்டியதில்லை. இரவலுக்கு வந்தவரிடம் எதற்கு, ஏன் என்ற விசாரணை கூடாது. அளவை மட்டும் கேட்டால் போதும். சட்டை கிடைத்துவிடும், சப்பாத்துத்தான் கடினம். ஆண்களுக்கு 7, 8, 9 அளவுகள் தேவைப்படும், பெண்களுக்கு 5, 6. அலமாரிச் சாவி பகல் நேரத்தில் கடை திறந்திருக்கும் ஒருவரிடம் இருக்கவேண்டும். காலை எட்டு மணி நேர்காணலுக்குப் போகிறவர் முந்தின நாள் மாலையே வந்து எடுத்துக்கொள்ளும்படி.